மூத்தாள் இல்லாத கல்யாணம்

ஜனவரி 18

என் ஹாரனுக்கு,

நிச்சயதார்த்தப் போட்டோ வந்துவிட்டது. சட்டம் போடக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பொண்ணு லட்சணமா இருக்கு. மாப்பிள்ளையும் பரவாயில்ல, கொஞ்சம் வெளிறிப் போய் இருக்காரு. நடுவுல பெரிய மீசை வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு, தாய்மாமனா?" என்று கேட்டார்.

அவரு நான்தான்.

மீசை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள் என்பது உனக்குத் தெரியும். இந்த மீசை, மூக்கைத் துடைத்த புறங்கையால் வந்தது. கையில் இருந்தது நாம் வாடகைக்கு விடும் ஜெனரேட்டரின் கரி. மூச்சுத் திணறிப் படுத்த மாப்பிள்ளை தெளிந்து எழுந்து வந்த பிறகு, இந்த மீசையோடுதான் சம்பந்தி அம்மா முன்னால் கைகட்டி நின்று, "நம்ம மெஷின்ல புகைங்கிற பேச்சுக்கே இடமில்லைங்க, இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்து வீடு வரும்வரை வருத்தப்பட்டேன். போட்டோவைப் பார்த்த பிறகுதான் புரிகிறது, பாவம், சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குப் புகை ஆகாது, இழுப்பு வரும் என்று நீ முதலிலேயே சொல்லியிருந்தாய். அதற்காகத்தான் தெரிந்தவர்களிடமெல்லாம் குழாய் இரவல் வாங்கி, ஒன்றோடொன்று மாட்டி, சைலன்சர் வாயில் கட்டி, சுவரோரமாகவே கொண்டுபோய்க் கட்டடத்தின் பின்பக்கம் விட்டேன். கூடத்தில் ஒரு பொட்டுப் புகை உண்டா? கிடையாது. என்னை நானே மெச்சிக்கொண்டு டீ கூடக் குடித்தேன். பின்பக்க அறைதான் காற்றோட்டமாக இருக்கிறதென்று நீ மாப்பிள்ளையை அங்கே உட்கார வைத்திருப்பாய் என்று நான் கனவா கண்டேன்? அவருக்கென்றே தனிக் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

நீ போனை எடுப்பதில்லை. "பேசினா அப்பா கத்துவாரு, நான் அழுவேன். சொல்றதை எழுதி அனுப்பச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னாயாம். கத்துவேன்தான். மெஷின் பக்கத்தில் நின்று பேசிப் பேசி நம் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை அப்படி ஆகிவிட்டது. பிறந்த அன்றைக்கே நீ போட்ட சத்தத்தில்தானே உனக்கு ஹாரன் என்று பெயர் வந்தது. எழுதினால் கத்த முடியாது, அது ஒரு சௌகரியம். பத்தாவதோடு நின்றவன் கடிதம் இது. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் யாரிடமும் காட்டி மானத்தை வாங்காதே.

மாப்பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை மட்டும் உடனே எழுது.

கல்யாணத்துக்கு மெஷினைப் பிரித்து மேய்ந்து, சுத்தமாக சர்வீஸ் செய்து கொண்டுவருகிறேன். கவலைப்படாதே.

மீசை முளைத்த அப்பா


ஜனவரி 27

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டோமே என்று அப்புறம் கூடுதலாகக் கோபம் வந்தது.

அவர் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த வாரம் முழுக்க வகுப்பில் பேச மூச்சுப் போதவில்லை. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். அதற்கு நடுவில் எனக்குச் சிபாரிசு வேறு: "உங்கப்பா எனக்காக அவ்வளவு குழாய் மாட்டியிருக்காரு, அவரைத் திட்டாதே." திட்டத்தான் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. "ஊதச் சொல்ற வேலை" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதுதான் வேலை. எதிரில் உட்கார வைத்து, மூச்சை அளக்கும் கருவியின் குழாயை வாயில் கொடுத்து, "நல்லா இழுங்க, வேகமா ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். பஸ் கிளீனர் வருகிறார். சாலை முனையில் நிற்கும் போலீஸ்காரர் வருகிறார். பெரிய சாலையை ஒட்டிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். "நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லைம்மா" என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். தொட்டிருக்கவே மாட்டார்கள். டீசலும் பெட்ரோலும் கரியும் எரித்தது வேறு யாரோ, இழுத்தது இவர்கள்.

உங்கள் மூக்குக்குக் கீழே ஒட்டியது கண்ணுக்குத் தெரிகிற கரி. சோப்புப் போட்டால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத தூள் நெஞ்சுக்குள் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. அதைக் கழுவ எங்கள் ஆஸ்பத்திரியில் சோப்பு இல்லை. முதலில் அதை இழுப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள். காலையில் நீங்கள் இருமுவதை வைத்து அம்மா கடிகாரம் திருத்துகிறாள், தெரியுமா?

அதனால் ஒரே வார்த்தை. கல்யாணத்துக்கு மெஷின் வரக் கூடாது. நீங்கள் மட்டும் வாருங்கள்.

ஹாரன்


பிப்ரவரி 4

மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூத்தாளை விட்டுட்டு என்னை மட்டும் கூட்டிட்டு வரச் சொல்றா. என் வயித்துல பொறந்தவ வேற எப்படி இருப்பா?" என்று பூரித்துப்போனாள். அவளைக் கட்டுவதற்கு முந்தின வருஷம் வாங்கிய மெஷின் என்பதால் அதற்கு அவள் வைத்த பெயர் மூத்தாள். ராத்திரியெல்லாம் நான் மூத்தாளோடுதான் இருக்கிறேன் என்பது அவளுடைய தீராத வழக்கு. இப்போது தீர்ப்பு அவள் பக்கம் வந்துவிட்டது.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. தையல்காரன் தன் மகள் கல்யாணத்துக்குத் துணி தைக்கிறான். சமையல்காரன் தானே அடுப்படியில் நிற்கிறான். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த நான், என் மகள் கல்யாணத்தில் கையை வீசிக்கொண்டு வந்து நிற்கவா? எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இதையும் வேண்டாம் என்றால் நான் எதற்கு?

இன்னொன்றும் கேட்கிறேன். பவர் ஹவுசில் மலை மலையாகக் கரியை எரிக்கிறார்கள். நீ வேலைக்குப் போகிற பஸ் என்ன சாம்பிராணியா போடுகிறது? தெரு முழுக்க வண்டி. இத்தனை பேரையும் விட்டுவிட்டு என் மூத்தாள் ஒருத்தி வாயை மூடினால் வானம் வெளுத்துவிடுமா? அவள் விடும் புகை மேலே போய்க் கலைந்துவிடுகிறது. என்றைக்காவது திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறதா?

மெஷின் வரக் கூடாத இடத்துக்கு நானும் வருவதாக இல்லை. ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்புகிறேன், தபால் தலை ஒட்டியே அனுப்புகிறேன்.

உன் அப்பாவும் அவர் மெஷினும்


பிப்ரவரி 12

அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

மூத்தாள் எனக்குப் பெரியம்மா முறைதானே? மரியாதையாகவே எழுதுகிறேன்.

மேலே போய்விடுகிறது என்கிறீர்கள். மேலே என்று தனியாக ஒரு ஊர் இல்லை அப்பா. பின்பக்கம்தானே என்று நினைத்து நீங்கள் குழாயை விட்ட இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எல்லாப் பின்பக்கத்திலும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். கரி கீழே இறங்கி நம் நெஞ்சுக்கு வருகிறது. கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத வாயு இறங்குவதே இல்லை, மேலேயே தங்கிப் போர்வை மாதிரி பூமியைச் சுற்றிக்கொள்கிறது. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறதே என்று விசிறியும் கையுமாக நீங்கள் திட்டுவது அந்தப் போர்வையைத்தான். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அதே போர்வைதான். (பதறாதீர்கள். இன்னும் யாரும் இல்லை.)

பஸ்ஸைப் பற்றிக் கேட்டது நியாயம். நானும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறேன், பவர் ஹவுஸ் கரண்டில்தான் என் அறையில் விளக்கு எரிகிறது. உலகத்தையே திருத்த நான் கிளம்பவில்லை. நான் கேட்பது ஒரு மண்டபம், ஒரு பகல். இரண்டு பக்கமும் ஆள் உயர ஜன்னல் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறோம். கரண்ட் போனால் போகட்டும்.

நீங்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியில் எனக்கு அழுகை வந்தது, அதனால் பதிலைக் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் பரிசு வாங்கிய அன்றைக்கு நீங்கள் மேடைக்குப் பின்னால் மெஷின் பக்கத்தில் இருந்தீர்கள். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்து காட்டினேன். "சத்தமா சொல்லு!" என்றீர்கள். சொன்னேன். "அப்புறமா சொல்லு, ஆயில் பாக்கணும்!" என்றீர்கள். எனக்கு வெளிச்சம் போடுகிற ஆள் வேண்டாம் அப்பா, வெளிச்சத்தில் வந்து நிற்கிற ஆள் வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் பெண் வீட்டுச் சாட்சியாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அது நீங்கள். மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு அந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

ஹாரன்


பிப்ரவரி 25

என் ஹாரனுக்கு,

உடனே பதில் போடாததற்குக் காரணம் ரோஷம். நேற்றைக்குத்தான் அது தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்று சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு இலைச் செடி வைத்திருக்கிறேன் இல்லையா? யார் வந்தாலும் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வேனே, "இது அபூர்வ ஜாதிங்க, எல்லா இடத்துலயும் வராது" என்று? பக்கத்து வீட்டு டெய்லர் ஆசைப்பட்டாரென்று ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தேன். அவர் வீட்டில் அது பச்சையாக வளர்ந்தது. "உங்க மண்ணு சரியில்ல, அதான் சாயம் போயிடுச்சு" என்று நானே போய் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அந்த மனுஷன் எங்கிருந்தோ செம்மண் வாங்கிக் கொட்டினார். அப்போதும் பச்சை. என் பேச்சைக் கேட்டுக் காப்பித்தூள் எல்லாம் போட்டார். கடைசியில் தனக்கு ராசியில்லை என்று விட்டுவிட்டார்.

நேற்று மூத்தாளைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இல்லை, சும்மாதான். தண்ணீர்க் குழாய் கை நழுவி அந்தச் செடி மேல் பீய்ச்சி அடித்தது. கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. இலை பச்சை. சாதாரணப் பச்சை. நம் தெருவில் வேலிக்கு வேலி கிடக்கிற அதே செடி.

டெய்லர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார். என் காலடியில் ஓடிய கறுப்புத் தண்ணீரையும் பார்த்தார். அப்புறம் அவர், "ஏங்க, அபூர்வ ஜாதி யாரு, செடியா நீங்களா?" என்று கேட்டார். பிடிபட்ட பிறகு என்ன செய்வது, நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்து, இருமியதில் அவர் பயந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "செடியைக் கழுவிட்டீங்க. உள்ளுக்குள்ள எதை விட்டுக் கழுவுவீங்க?" நீ எழுதியதையே அவளும் சொல்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் தனியாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

சரி, புகை கெடுதல்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு யோசனை சொல்கிறேன், முழுசாகக் கேள். மெஷினை மண்டபத்தில் வைக்கவில்லை. தெருக்கோடியில் வைக்கிறேன். அங்கிருந்து கேபிள் மட்டும் இழுத்துக் கொடுக்கிறேன். நான் மண்டபத்துக்கு உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆயில் பார்த்துக்கொள்வேன். எப்படி?

அபூர்வ ஜாதி அப்பா


மார்ச் 3

அப்பா,

தெருக்கோடியில் ஒரு பாட்டரி ரிப்பேர்காரர் குடும்பம் இருக்கிறது. கைக்குழந்தையும் இருக்கிறது. அதுவும் ஒரு பின்பக்கம்தான்.

கேபிள் எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் சாட்சி என்று இருக்கும் இடத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பதிவாளர் ஏற்றுக்கொள்ள மாட்டாராம். நீங்கள் வராவிட்டால் கல்யாணம் நடக்காது. அவ்வளவுதான்.

டெய்லர் மாமாவையும் கூட்டி வாருங்கள். அந்தச் செடிக் கதையைப் படித்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை இழுப்பு இல்லாமலே மூச்சுத் திணறினார். ஆமாம், படித்துக் காட்டிவிட்டேன்.

ஹாரன்


மார்ச் 9

ஹாரனுக்கு,

வருகிறோம். நான், இளையாள், டெய்லர். மூத்தாளைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்றாள்.

வெறுங்கையோடு வருகிறேன். பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 28

என் ஹாரனுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன் கல்யாணத்தை நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். மேடையில் இருப்பவர்களுக்கு எதிரில் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இத்தனை காலம் ஒரு கையில் துணியும் ஒரு கையில் ஸ்பேனருமாக இருந்த ஆள். தொடையில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், கடைசியில் அம்மா தன் கைப்பையை என்னிடம் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். அப்புறம்தான் நிம்மதியாக இருந்தது.

பதிவாளர் மைக்கைத் தட்டிப் பேச ஆரம்பித்தாரோ இல்லையோ, கரண்ட் போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை, என் கால்கள் எழுந்துவிட்டன. மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. உன் சித்தப்பா பின்னாலிருந்து, "என்ன மெஷின்காரரே, சொந்தப் பொண்ணு கல்யாணத்துலயே கைய விரிச்சுட்டீங்களா?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ மேடையிலிருந்து தலையை மட்டும் ஆட்டினாய், வேண்டாம் என்று. சிரித்துக்கொண்டே ஆட்டினாய். கைப்பையோடு உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புதுசு. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. டெய்லர் எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். இன்னொருவர் அடுத்ததைத் திறந்தார். அந்தப் பக்கம் உன் ஆஸ்பத்திரிப் பெண்கள் திறந்தார்கள். வெயில் தரையில் பாய் பாயாக வந்து விழுந்தது. காற்று வந்து பூவையெல்லாம் ஆட்டிப் பார்த்தது. பதிவாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தத் தொண்டையில் பேசினார், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மெஷின் ஓடாத கல்யாணத்தில் இத்தனை சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குழந்தைகள் சிணுங்குகிற சத்தம், பட்டுப்புடவை உரசுகிற சத்தம், மோதிரம் விரலில் ஏறமாட்டேன் என்றதும் நீ மாப்பிள்ளையிடம் "நல்லா அழுத்துங்க" என்று முணுமுணுத்தது எல்லாம் கேட்டது. உன் முணுமுணுப்பு நாலாவது வரிசை வரை போயிற்று, நம் வீட்டுத் தொண்டை ஆயிற்றே.

சம்பந்தி அம்மா என் பக்கம் குனிந்து, "என்ன சம்பந்தி, கண்ணு கலங்குது?" என்றார்.

"புகைங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மண்டபத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தார். எட்டு ஜன்னலும் திறந்து கிடக்கின்றன, ஊதுபத்தி கூட இல்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் திரும்பிக்கொள்ளவில்லை, என் முகத்துக்கு நேராகவே சிரித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நீ என்னவென்று பார்த்தாயே, அது இதுதான்.

இங்கே நிலவரம் இது. நேற்று ஒரு கல்யாண வீட்டார் மெஷின் பேச வந்தார்கள். "ராத்திரி எதுக்குங்க வெக்கிறீங்க? பெரிய ஜன்னலா பாத்து ஒரு இடம் பிடிச்சு, பகல்ல வெச்சுக்குங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வந்த வேலையைத் தொரத்தி விடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். இனிமே பொழைப்புக்கு என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள். தெரியவில்லை. பாட்டரியில் விளக்கு எரிகிற சாமான் எல்லாம் வந்திருக்கிறதாம், டெய்லர் சொல்கிறார். போய்ச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். பார்த்தால் காசா கேட்கப் போகிறார்கள்? உன் ஊதுகிற குழாயிலும் அடுத்த மாதம் வந்து ஊதுகிறேன். ஊதச் சொல்லிக் கத்தாதே, போதும்.

கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போட ஏன் அவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று வண்டி ஏறும்போது கேட்டாய். "பேனா எழுதலை" என்றேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

மேசை சின்னது. நான் குனிந்திருந்தேன், மாப்பிள்ளை எனக்குப் பக்கத்திலேயே குனிந்து எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மூடியைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தை வைத்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிறவன் நான். என் காது அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்தது. மாப்பிள்ளையின் மூச்சு கேட்டது. ஒரு விசில் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. உள்ளே போயிற்று, வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஓடுகிற ஒன்றை நான் கேட்டதே இல்லை. அதனால்தான் பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

"மாப்பிள்ளை, இப்படியே ஓடிக்கிட்டு இருங்க" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.

அப்பா